பிழைத்த அன்று கட்டிய கயிறு

போன வருஷம் கார்த்திகையிலேயே செத்துப் போயிருந்தால் ஹவில்தார் வைத்தியலிங்கம் எல்லாருக்கும் நல்லவராகவே போய்ச் சேர்ந்திருப்பார். மனிதர் பிழைத்துக்கொண்டார். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

நெடுங்காட்டில் அவரை மிலிட்டரிக்காரர் என்றுதான் சொல்வார்கள். மீசை முளைத்த கையோடு ராணுவத்தில் சேர்ந்தவர். சிக்னல்ஸ் பிரிவில் வேலை. வருகிற செய்தியை வாங்கி, சரியாக வாங்கினோமா என்று ஒரு முறை திருப்பிச் சொல்லி, பிறகு எழுத்து மாறாமல் அடுத்தவனிடம் சேர்க்க வேண்டும். அதையே இருபது வருஷத்துக்கு மேல் செய்துவிட்டு ஊருக்கு வந்தவருக்கு அந்தப் பழக்கம் விடவில்லை. வாய்க்கால் தண்ணீர்த் தகராறில் பக்கத்து வயல் முத்தையன் யாரையாவது திட்டினால், திட்டு வாங்கியவரிடமே போய் அந்தத் திட்டை ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் ஒப்பித்துவிட்டு வருவார். இதனால் பங்காளிகளுக்குள் அடிதடியே நடந்திருக்கிறது. அவர் சொன்னதைத்தானே சொன்னேன், என்மேல் என்ன தப்பு என்று கேட்பார். மனைவி நீலாயதாட்சி அவர் காதுபட யாரைப் பற்றியும் வாய் திறப்பதில்லை.

ஒரே மகள் நித்யஸ்ரீ. புதுச்சேரியில் ஒரு தனியார் கல்லூரியில் பிசியோதெரபி படிக்கிறாள், ஹாஸ்டலில் இருக்கிறாள். ஐந்து மா நிலத்து நெல்லையும் பென்ஷனையும் வைத்துக்கொண்டு அந்தப் படிப்பை நினைத்துக்கூடப் பார்க்க முடியாது. முன்னாள் ராணுவத்தினர் பிள்ளைகளுக்கு அரசு கொடுக்கும் உதவித்தொகை கிடைத்தது, அதை நம்பித்தான் சேர்த்தார்கள். எம் பொண்ணை ராணுவம் படிக்க வைக்குது என்று டீக்கடையில் சொல்லும்போது அவருக்கு மார்பு ஒரு சுற்று அகலமாகும். வருஷா வருஷம் காரைக்காலில் உள்ள நல அலுவலகத்துக்குப் போய், பிள்ளை படிக்கிறாள், தேறியிருக்கிறாள், கல்யாணம் ஆகவில்லை என்று தகப்பன் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும். கல்யாணம் ஆகிவிட்டால் அவள் புருஷன் வீட்டுப் பொறுப்பு, ராணுவத்துக்கு அவளோடு பேச்சில்லை. முதல் வருஷம் அந்த வரியைப் படித்துவிட்டு வைத்தியலிங்கம் சிரித்தார். பதினெட்டு வயதுப் பெண்ணுக்கு யார் இப்போது கல்யாணம் செய்யப் போகிறார்கள் என்று நினைத்தார்.

அடுத்த வருஷம் ஐப்பசி மழை விடாமல் பெய்தது. வயலில் நின்ற தண்ணீரை வடித்துவிட இரண்டு நாள் சேற்றில் இறங்கி வேலை செய்தார். காலில் ஒரு வெட்டு இருந்தது, அதை அவர் கண்டுகொள்ளவில்லை. எலிக்காய்ச்சல் என்று டாக்டர்கள் கண்டுபிடித்தபோது சிறுநீரகம் கைவிட்டிருந்தது. ரத்தத்தைச் சுத்தப்படுத்திப் பார்த்தார்கள், உடம்பு தாங்கவில்லை. கடைசியில் ஒரு டாக்டர் நீலாயதாட்சியையும் நித்யஸ்ரீயையும் தனியே கூப்பிட்டு, சிறுநீர் இறங்கினால் பிழைப்பார், இறங்கும் என்ற நம்பிக்கை எங்களுக்கு இல்லை, வீட்டுக்குக் கொண்டுபோய் வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார். சிறுநீருக்குப் போட்ட குழாயோடும், கட்டில் கம்பியில் தொங்கவிட்ட காலிப் பையோடும் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். அரை மயக்கத்தில் கிடந்த அவர் காதிலும் டாக்டர் சொன்னது விழுந்திருந்தது.

செய்தி திருமலைராயன்பட்டினத்துக்குப் போனது. அங்கேதான் அக்கா உமாமகேஸ்வரி வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். அப்பா நிலத்தைப் பிரித்த நாளிலிருந்து தம்பியோடு பேச்சுவார்த்தை இல்லை. தம்பி சாகக் கிடக்கிறான் என்று கேட்டதும் மகன் புகழேந்தியையும் அழைத்துக்கொண்டு விடிந்ததும் ஆட்டோவில் வந்து இறங்கினாள். கட்டில் ஓரத்தில் விழுந்து தம்பி காலைப் பிடித்துக்கொண்டு அழுத அழுகையில் எதிர்வீட்டுக்காரர்கள் போய்விட்டார் என்றே நினைத்து ஓடிவந்தார்கள்.

அழுகை ஓய்ந்ததும் முந்தானையில் முடிந்திருந்ததை அவிழ்த்தாள். மஞ்சள் கயிற்றில் கோத்த ஒரு மஞ்சள் துண்டு.

"எந்தம்பி கண்ண மூடறதுக்கு முந்தி இந்தப் பொண்ணு கழுத்துல கயிறு ஏறட்டும். போனதுக்கப்புறம்னா வருஷம் தள்ளிப் போயிடும். முறை மாப்பிள்ளை நிக்கிறான். பாத்துட்டுப் போகட்டும்" என்றாள்.

யாரும் மறுத்துப் பேசவில்லை. சாகிறவர் முன்னால் எப்படிப் பேசுவது? நீலாயதாட்சி மட்டும், புள்ளை படிச்சிட்டிருக்கு அண்ணி என்று முணுமுணுத்தாள். அதற்கு நாலு பேர் சமாதானம் சொன்னார்கள். மண்டபம் இல்லை, பத்திரிகை இல்லை, மேளம் இல்லை, பதிவு இல்லை, இதெல்லாம் கணக்கில் சேராது, அவர் மனசு குளிர்வதற்காக ஒரு கயிறு, அவ்வளவுதான் என்றார்கள். நித்யஸ்ரீ அப்பாவையே பார்த்தாள். அவர் கண் திறந்திருந்தது. மகளைப் பார்த்து, சரி என்று தலையசைத்தார். அவள் குனிந்தாள், புகழேந்தி கட்டினான். அவனுடைய சிநேகிதன் ஒருவன் போனில் படம் எடுத்தான்.

இப்போது வைத்தியலிங்கத்துக்கு மட்டும் தெரிந்ததைச் சொல்லிவிடுகிறேன். அன்று விடியற்காலை, அக்கா வருவதற்கு முன்பே, குழாய் வழியே வெதுவெதுப்பாக ஏதோ இறங்குவது அவருக்குத் தெரிந்தது. கையை நீட்டிப் பையைத் தொட்டார். கனத்தது. டாக்டர் சொன்னது நினைவுக்கு வந்தது. பிழைத்துவிட்டோம் என்று தெரிந்துகொண்டார். நீலா என்று கூப்பிட வாயெடுத்த நேரத்தில்தான் வாசலில் ஆட்டோ சத்தமும் அக்காவின் அழுகையும் கேட்டன. அவர் கூப்பிடவில்லை. போர்வை ஓரத்தை இழுத்துப் பையின்மேல் போட்டுக்கொண்டார்.

ஏன் செய்தார் என்றால் பெரிய காரணம் ஒன்றும் இல்லை. அத்தனை வருஷம் கழித்து அக்கா காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். ஊரே சுற்றி நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தது. பெண் வேறு தூரத்து ஊரில் தனியாக இருக்கிறாளே என்ற பயம் அவருக்கு உள்ளுக்குள் எப்போதும் இருந்தது. அக்கா அழுவதும் பெண்ணுக்கு ஒரு துணை அமைவதும் அப்போது அவருக்கு நன்றாக இருந்தது. ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அக்காவின் மஞ்சள் கயிறு முந்தானைக்கே திரும்பிப் போயிருக்கும். வாழ்நாளெல்லாம் செய்தி சேர்த்த மனிதர் அந்த ஒரு செய்தியைச் சேர்க்காமல் வைத்துக்கொண்டார்.

மத்தியானம் நீலாயதாட்சி போர்வையை விலக்கிப் பார்த்துவிட்டு அலறியடித்துக்கொண்டு ஓடிவந்தாள். மறுபடி ஆஸ்பத்திரி. பத்துப் பதினைந்து நாளில் எழுந்து உட்கார்ந்து இட்லி கேட்டார். எம்புள்ளை கட்டுன கயிறுதான் எந்தம்பியைத் திருப்பிக் குடுத்துச்சு என்று உமாமகேஸ்வரி பட்டினத்துக்கும் நெடுங்காட்டுக்குமாகச் சொல்லித் திரிந்தாள். ஊரும் நம்பியது. நித்யஸ்ரீயே கொஞ்சம் நம்பினாள். கல்லூரிக்குத் திரும்பும் அன்று கயிற்றைக் கழற்றி அம்மாவிடம் கொடுத்தாள், அம்மா அதைத் துணியில் சுற்றி அரிசி டிரம்முக்குள் புதைத்து வைத்தாள். எல்லாம் முடிந்தது என்று மூன்று பேரும் அவரவர் மனசுக்குள் சொல்லிக்கொண்டார்கள்.

பொங்கலுக்கு அக்கா ஒரு பட்டுப்புடவை கொண்டுவந்து வைத்துவிட்டு, மருமககிட்ட குடு என்று சொல்லிப் போனாள். சொல் கொஞ்சம் உறுத்தியது. அத்தை முறைக்குச் சொல்வதுதானே என்று விட்டுவிட்டார்கள்.

ஆடிப் பதினெட்டுக்கு வந்தபோது கையில் புதுத் தாலிக்கயிறு இருந்தது. அன்றைக்கு ஆற்றங்கரையில் பெண்கள் பழைய கயிற்றை மாற்றிப் புதுசு கட்டிக்கொள்வது வழக்கம். பெண் எங்கே என்றாள். ஹாஸ்டலில் என்றார்கள். பழைய கயிறு எங்கே என்றாள். நீலாயதாட்சி சமையலறைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். அவள் பார்வை போன பக்கமாகவே போய் உமாமகேஸ்வரி அரிசி டிரம்மில் முழங்கை வரை கைவிட்டுத் துழாவி எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். புதுக் கயிற்றை அதே இடத்தில் வைத்தாள். அடுத்த தடவை தான் வரும்போது இது அவள் கழுத்தில் இருக்க வேண்டும் என்று மெதுவாகத்தான் சொன்னாள். அன்று இரவு அந்த டிரம்மிலிருந்து அரிசி எடுக்க நீலாயதாட்சிக்குக் கை வரவில்லை. பக்கத்து வீட்டில் கடன் வாங்கி உலை வைத்தாள்.

புகழேந்தியைக் கெட்டவன் என்று சொல்ல முடியாது. துறைமுகத்துக்கு லோடு ஏற்றும் லாரிகளை மேய்க்கிற வேலை, குடி கிடையாது, பேச்சு குறைவு. அந்தக் குறைந்த பேச்சுதான் பயமாக இருந்தது. ஆவணியில் ஒருநாள் நித்யஸ்ரீ போன் செய்து, ஹாஸ்டலுக்கு எதிர்க் கடையில் அவன் டீ குடித்துக்கொண்டு நின்றதாகச் சொன்னாள். பேசவில்லையாம், பார்த்தானாம், போய்விட்டானாம். அடுத்த மாதம் வாட்ச்மேனிடம் நான் அந்தப் பொண்ணோட வீட்டுக்காரன் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தான். வார்டன் கூப்பிட்டுக் கேட்டபோது, சொந்தக்காரர் என்று சொல்லிச் சமாளித்திருக்கிறாள். அவளிடமே ஒரு தடவை பேசினான். கண்டவன் கையையும் காலையும் பிடித்துவிடும் படிப்பு எதற்கு, தை மாதத்தோடு நிறுத்திக்கொள் என்றானாம்.

இதையெல்லாம் கேட்டு வைத்தியலிங்கம் தலையாட்டினார். அக்காவிடம் பேசுகிறேன் என்பார், பேச மாட்டார். பேசினால் எங்கே ஆரம்பிப்பது? அந்தக் கயிறு கணக்கில் சேராது என்று சொன்னால், உன் உயிர் அந்தக் கணக்கில்தானே இருக்கிறது என்பாள். உயிர் கயிற்றுக்கு முன்பே வந்துவிட்டது என்று சொல்ல வேண்டும். அதைச் சொல்ல அவருக்குத் தைரியம் இல்லை. வாசலில் மோட்டார் பைக் சத்தம் கேட்டால் கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்துவிடுவார்.

தீபாவளி அன்று காலை அந்தச் சத்தம் வாசலிலேயே வந்து நின்றது. புது வேட்டியோடு புகழேந்தி உள்ளே வந்தான். யாரும் அழைக்கவில்லை. அவனே மணையை எடுத்துக் கூடத்தில் போட்டு அதில் உட்கார்ந்தான்.

"அத்தை, எண்ணெ எடுத்துட்டு வாங்க. தலைத் தீபாவளியில்ல" என்றான்.

நீலாயதாட்சி புருஷனைப் பார்த்தாள். பண்டிகை நாளில், அக்கா பிள்ளையை, எழுந்து போ என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. வை என்றார். அவள் அவன் தலையில் எண்ணெய் வைத்தாள். அவன் குளித்து, பலகாரம் சாப்பிட்டு, போனை எடுத்து நித்யஸ்ரீக்கு ஏதோ அனுப்பினான். போகும்போது, அம்மா தையிலே நல்ல நாள் பார்த்திருப்பதாகவும், நித்யஸ்ரீ ஒத்துக்கொண்டால் மாமா நல அலுவலகத்தில் எந்தக் கையெழுத்து வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம், நான் ஏன் வாய் திறக்கப் போகிறேன் என்றும் சொல்லிவிட்டுப் போனான். அந்த வருஷத்துக் கையெழுத்து அப்போது பாக்கி இருந்தது; அடுத்த திங்கட்கிழமை கடைசி நாள் என்பது அவனுக்கும் தெரியும்.

அவன் அனுப்பியது கயிறு கட்டிய அன்று எடுத்த படம். கீழே தலைத் தீபாவளி வாழ்த்து. நித்யஸ்ரீ அதுவரை அந்தப் படத்தைப் பார்த்ததில்லை. பரீட்சை என்று சொல்லி ஹாஸ்டலில் தங்கியிருந்தவள், அந்தச் சனிக்கிழமையே சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றாள். பையைக்கூட இறக்கி வைக்கவில்லை. அப்பா எதிரில் உட்கார்ந்து போனை நீட்டினாள்.

படத்தில் அவள் குனிந்திருந்தாள். புகழேந்தியின் கை முடிச்சில் இருந்தது. அதற்குக் கீழே கட்டில் ஓரத்தில் போர்வை நழுவியிருந்தது. பை தெரிந்தது. பாதிக்கு மேல் நிறைந்திருந்தது. மூன்றாம் வருஷம் வந்ததிலிருந்து அவள் தினமும் வார்டில் அந்த மாதிரிப் பைகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

"கயித்துக்கு முந்தியே இறங்கியிருக்கு. உங்களுக்குத் தெரியுமாப்பா?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். மயக்கத்தில் கிடந்த மனிதனுக்கு என்ன தெரியும் என்று யாரும் நம்பியிருப்பார்கள். வைத்தியலிங்கத்துக்கு அது வரவில்லை.

"தெரியும்" என்றார்.

"எப்பலேந்து?"

"விடியக்காலம். அத்தை வர்றதுக்கு முந்தி."

சமையலறையில் ஓடிக்கொண்டிருந்த மிக்ஸி நின்றது. நித்யஸ்ரீ அழவில்லை. நீங்க தலையாட்டுனதாலதான் நான் குனிஞ்சேன் என்று மட்டும் சொன்னாள். ஏன் என்று அவள் கேட்டால் சொல்வதற்காக அவர் என்னென்னவோ தேடி வைத்திருந்தார். அவள் கேட்கவில்லை. அவருக்கு அதுதான் தாங்கமுடியாமல் இருந்தது. அந்த இரண்டு நாளும் நீலாயதாட்சி தட்டை அவர் முன்னால் வைத்துவிட்டு மறுபக்கம் போய் நின்றாள். ஒரு வருஷமாக அந்தக் கயிற்றுக்குப் பயந்து பயந்து செத்தவள் அவள்.

திங்கட்கிழமை தகப்பனும் மகளும் காரைக்காலுக்குப் பஸ் ஏறினார்கள். பஸ்ஸில் அவள் ஒன்றே ஒன்று கேட்டுக்கொண்டாள். அலுவலகத்தில் கேட்டால் கல்யாணம் ஆகவில்லை என்று சொல்லுங்கள், அது பொய் இல்லை, எனக்கு ஆகவில்லை, படிப்பு முடிகிற வரைக்கும் எனக்கு அந்தப் பணம் வேண்டும், மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றாள். சரிம்மா என்றார். ஆகவில்லை, ஆகவில்லை என்று வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

அலுவலகத்துப் பெஞ்சில் புகழேந்தி உட்கார்ந்திருந்தான். அவர்களைப் பார்த்ததும் எழுந்து நின்று, மரியாதையாக, வாங்க மாமா என்றான்.

மேஜைக்குப் பின்னால் இருந்தவர் ராஜ்மோகன். கடற்படையிலிருந்து ஓய்வு பெற்றவர், வைத்தியலிங்கத்தை நன்றாகத் தெரியும். மதிப்பெண்ணைப் பார்த்து நித்யஸ்ரீயைப் பாராட்டினார். முத்திரையைக் கையில் எடுத்துக்கொண்டு, சும்மா ஒரு வழக்கத்துக்குக் கேட்பதுபோல, கல்யாணம் கில்யாணம் ஆகலையே சார் என்றார்.

புகழேந்தி இரண்டடி முன்னால் வந்தான். போன் கையில் இருந்தது. அதை அவன் காட்டவில்லை.

"மாமா சொல்லட்டும். மாமா பொய் சொல்ல மாட்டார்" என்றான்.

ஆகவில்லை என்ற சொல் தொண்டை வரைக்கும் வந்தது. மகள் அவர் பக்கத்தில் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பது தெரிந்தது. வைத்தியலிங்கம் மேஜையைப் பிடித்துக்கொண்டு பேச ஆரம்பித்தார். ஆனால் வந்தது அந்தச் சொல் இல்லை. காய்ச்சல், டாக்டர், அக்கா, மஞ்சள் கயிறு எல்லாவற்றையும், ஒன்றுவிடாமல், நடந்த வரிசையில் சொன்னார்.

"தண்ணி இறங்குனது மொதல்ல. கயிறு ஏறுனது அப்புறம். நடுவுல நான் வாயத் தொறக்கல. குத்தம் எம்பொண்ணு மேல இல்லிங்க, எம்மேல" என்று முடித்தார்.

ராஜ்மோகன் முத்திரையைக் கீழே வைத்துவிட்டார்.

"ஆகலைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தீங்கன்னா நான் குத்திக் குடுத்திருப்பேன் சார். இதைக் கேட்டதுக்கப்புறம் நான் என்ன பண்றது? மேல எழுதிக் கேக்கணும். அவங்க சொல்ற வரைக்கும் நிறுத்தித்தான் வைக்கணும்" என்றார். எப்போது சொல்வார்கள் என்று நித்யஸ்ரீ கேட்டாள். தெரியலம்மா என்றார்.

புகழேந்தியின் முகம் வெளுத்திருந்தது. ஆகிவிட்டது என்ற ஒரு சொல்லைத்தான் அவன் எதிர்பார்த்து வந்திருந்தான். ஒரு வருஷமா எங்கம்மா அந்தக் கயித்தாலதான் நீங்க பொழச்சீங்கன்னு ஊரெல்லாம் சொல்லிட்டிருக்கு மாமா என்றான். அவர்களுக்கு முன்பே வெளியே போனான். பட்டினத்துக்குப் போக வேண்டியவன் தெற்கே திரும்ப வேண்டும். பைக் வடக்கே, புதுச்சேரி ரோட்டில் திரும்பியதை வைத்தியலிங்கம் படியில் நின்று பார்த்தார்.

பஸ் நிலையம் வரை மகள் முன்னால் நடந்தாள், அவர் பின்னால் நடந்தார். அவள் பையைத் தூக்கப் போனார். அவள் அதை மறுதோளுக்கு மாற்றிக்கொண்டாள். கட்டணத்துக்கு என்ன செய்யப் போகிறாள் என்று கேட்டதற்கு, ஒரு கிளினிக்கில் சாயங்கால வேலை கேட்டிருப்பதாகவும், கிடைக்காவிட்டால் இந்த வருஷத்தோடு நின்றுவிட வேண்டியதுதான் என்றும் சொன்னாள். யாரோ ஒருவருடைய படிப்பைப் பற்றிச் சொல்வது போலத்தான் சொன்னாள்.

புதுச்சேரி பஸ் வந்தது. ஏறி ஜன்னல் ஓரம் உட்கார்ந்தாள். அவர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"புகழு வடக்கதாம்மா போயிருக்கான். பாத்து இரு."

"தெரியும். பாத்தேன்."

கண்டக்டர் விசில் அடித்தார். பஸ் நகர்ந்தது. கம்பியை விடாமல் கூடவே நாலடி நடந்தார். அப்போதுதான் அவள் முதல் தடவையாக அவர் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"இனிமே உங்களுக்கு ஒடம்பு சரியில்லன்னா எனக்குச் சொல்லி அனுப்பாதீங்கப்பா" என்றாள்.

பஸ் போன பிறகும் அவர் அங்கேயே நின்றார். சிக்னல்ஸில் பழகியபடி, வந்த செய்தியை எழுத்து மாறாமல் ஒரு முறை திருப்பிச் சொல்லிப் பார்த்துக்கொண்டார்.